ஆறாவது ஆடு எங்கே நிற்க வேண்டும்?

தாராபுரத்தில் கோயம்புத்தூர் பேருந்து ஏறியதும் பலர் போனை எடுத்து ஏதாவது ஒரு கட்டப் புதிரைத் திறந்துவிடுகிறார்கள். மரக்கட்டைகளுக்கு நடுவே சிக்கிய சிவப்புக் கட்டைக்கு வழி உண்டாக்கி அதை வெளியே எடுக்க வேண்டும். குண்டடம் தாண்டிவிடும், பல்லடம் வந்துவிடும், கட்டை மட்டும் வெளியே வராது. அப்போது மனசுக்குள் ஒரு சந்தேகம் எழும்: இதற்கு விடை என்று ஒன்று இருக்கிறதா, இல்லை இதைச் செய்தவன் சும்மா ஏமாற்றுகிறானா?

நியாயமான சந்தேகம்தான். இந்த மாதிரி விளையாட்டுகளில் நூற்றுக்கணக்கான கட்டங்கள் இருக்கும். பெரிய நிறுவனம் எதுவும் இல்லாமல், ஒரே ஆள் தன் வீட்டில் மடிக்கணினியை வைத்துச் செய்தவையாகவும் அவை இருக்கலாம். அத்தனை கட்டங்களுக்கும் விடை உண்டு என்று அந்த ஒருவருக்கு எப்படித் தெரிந்தது? ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தாரா? விடை உண்டு என்று தெரிந்தாலும், அது நம்மைத் தவிக்கவிடும் என்று எப்படிக் கணக்குப் போட்டார்? முதல் கேள்விக்குக் கணிதத்தில் அசைக்க முடியாத பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்வியில்தான் புதிர் செய்பவரின் உண்மையான வேலை தொடங்குகிறது.

விடையே இல்லாத புதிர் உலகத்தை ஆட்டிவைத்த காலம் ஒன்று உண்டு. 1880ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘பதினைந்து புதிர்’ என்று ஒன்று பரவியது. நாலுக்கு நாலு பெட்டியில் 1 முதல் 15 வரை எண் எழுதிய சதுரங்கள், ஒரு இடம் காலி. காலி இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சதுரத்தைத் தள்ளித் தள்ளி எண்களை வரிசைப்படுத்த வேண்டும். நம் திருவிழாக் கடைகளிலும் பிளாஸ்டிக்கில் விற்கும் அதே சாமான்தான். இதைக் கண்டுபிடித்தவர் நோயஸ் சாப்மன் என்ற தபால் அலுவலர். பிறகு சாம் லாய்ட் என்ற புதிர்க்காரர் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு, 14ஐயும் 15ஐயும் மட்டும் இடம் மாற்றி வைத்துவிட்டு, இதை நேராக்குபவருக்கு 1000 டாலர் பரிசு என்றார். அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. வாங்கவும் முடியாது. 1879லேயே ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் அமெரிக்கக் கணித இதழ் ஒன்றில் காரணத்தை எழுதி முடித்திருந்தார்கள்.

காரணம் எளிமையானது, ஒரு தாளில் வரைந்து பார்த்துவிடலாம். பெட்டியின் பதினாறு இடங்களுக்கும் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு, வெள்ளை என்று மாற்றி மாற்றி நிறம் கொடுங்கள். ஒவ்வொரு தள்ளலுக்கும் காலி இடம் ஒரு கட்டம் நகர்கிறது; அதாவது கறுப்பிலிருந்து வெள்ளைக்கோ, வெள்ளையிலிருந்து கறுப்புக்கோ போகிறது. கடைசியில் அது கிளம்பிய மூலைக்கே திரும்ப வேண்டுமென்றால், மொத்தத் தள்ளல்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு தள்ளலும் காலி இடத்தையும் ஒரு சதுரத்தையும் இடம் மாற்றுவது. ஆகவே மொத்தத்தில் இரட்டைப்படை எண்ணிக்கையில் இடமாற்றங்கள். 14ஐயும் 15ஐயும் மட்டும் மாற்றுவதோ ஒரே இடமாற்றம், ஒற்றைப்படை. ஒரு வரிசையை ஒற்றைப்படை இடமாற்றத்தில் உண்டாக்க முடிந்தால், அதையே இரட்டைப்படையில் உண்டாக்க ஒருபோதும் முடியாது. இதைக் கணிதத்தில் ஒற்றை-இரட்டைப் பண்பு என்பார்கள். எத்தனை ஆண்டு தள்ளினாலும் இந்தப் பண்பு மாறாது.

இப்படி ஒரு காரணம் கையில் கிடைத்தால் விடை இல்லை என்பதை நகர்த்திப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஆனால் எல்லாப் புதிருக்கும் இப்படி அழகான காரணம் அமைவதில்லை. அமையாத இடத்தில் கணினியை நம்ப வேண்டும். அதற்கு முதலில் புதிரை வேறு கண்ணால் பார்க்கப் பழக வேண்டும்.

பலகையில் காய்கள் நிற்கும் ஒவ்வொரு கோலத்தையும் ஒரு ‘நிலை’ என்று வைத்துக்கொள்வோம். ஒரு காயை ஒரு முறை நகர்த்தினால் இன்னொரு நிலைக்குப் போகிறோம். எல்லா நிலைகளையும், எதிலிருந்து எதற்குப் போகலாம் என்ற இணைப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வரைபடம் ஒன்று கிடைக்கும். அதை நிலைவெளி என்று சொல்லலாம். விதியை எழுதிய அந்தக் கணமே நிலைவெளி முழுவதும் உண்டாகிவிடுகிறது. நாம்தான் இன்னும் அதற்குள் போய்ப் பார்க்கவில்லை. புதிர் என்பது அந்த வெளியில் இரண்டு இடங்களைக் குறித்து, இங்கிருந்து அங்கே போ என்பதுதான்.

அமராவதி வாய்க்காலில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் பாத்தி நிறைந்ததும் அதை ஒட்டிய பாத்திகளுக்குத் தண்ணீர் ஏறும். அவை நிறைந்ததும் அடுத்தவற்றுக்கு. எந்தப் பாத்தியும் விடுபடாது, வரப்பு வெட்டாத பாத்திக்கு மட்டும் தண்ணீர் போகாது. கணினி தேடுவதும் இதே முறையில்தான். தொடக்க நிலையில் மடையைத் திறக்கிறது. ஒரே நகர்வில் எட்டக்கூடிய நிலைகளையெல்லாம் முதலில் நனைக்கிறது, பிறகு இரண்டு நகர்வில் எட்டுபவை, பிறகு மூன்று. ஏற்கெனவே நனைந்ததை மறுபடி தொடுவதில்லை. விடை நிலைக்குத் தண்ணீர் எத்தனையாவது சுற்றில் வந்ததோ, அதுதான் மிகக் குறைந்த நகர்வுகளின் எண்ணிக்கை. தண்ணீர் பரவி முடிந்தும் விடை நிலை காய்ந்தே கிடந்தால் அந்தப் புதிருக்கு விடை கிடையாது. இந்த முறையைப் பரவல் தேடல் என்று சொல்லலாம்.

மூன்றுக்கு மூன்று பெட்டியில் எட்டு எண்களை வைத்து இதைச் செய்து பார்த்தால் 1,81,440 நிலைகள் நனைகின்றன. எட்டு எண்களையும் காலி இடத்தையும் வைக்கக்கூடிய மொத்த விதங்கள் 3,62,880. சரிபாதி காய்ந்து நிற்கிறது. ஜான்சனும் ஸ்டோரியும் காகிதத்தில் கண்ட அதே ஒற்றை-இரட்டைப் பிளவைக் கணினி எண்ணிக் காட்டுகிறது. இரண்டு வேறு வழிகளில் போய் ஒரே பதிலுக்கு வருவதால் அதில் நம்பிக்கை உறுதிப்படுகிறது. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் நிலை 31 நகர்வு தள்ளி இருக்கிறது.

பெட்டியை நாலுக்கு நாலாக்கினால் நிலைகளின் எண்ணிக்கை பத்து லட்சம் கோடியைத் தாண்டிவிடும். மிகத் தொலைவான நிலை 80 நகர்வில். ஒரு வரிசையும் ஒரு பத்தியும் கூடியதற்கே இத்தனை பெருக்கம். தனியாளாகப் புதிர் செய்பவர்கள் சிறிய பலகையை விரும்புவதற்கு இது முக்கியமான காரணம். சிறிய வெளியை ஒருவர் முழுசாக அளந்துவிடலாம், மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிடலாம்.

மடையை விடை நிலையில் திறந்து பின்னோக்கியும் பாய்ச்சலாம். முடிந்துபோன புதிரிலிருந்து பின்னால் நடந்து, எங்கே கிளம்பினால் மிகத் தூரம் என்று பார்ப்பது. பேருந்தில் நாம் விளையாடும் சிவப்புக் கட்டைப் புதிருக்கு மூலம், நோப் யோஷிகஹாரா என்ற ஜப்பானியர் உருவாக்கிய ‘ரஷ் ஹவர்’. ஆறுக்கு ஆறு பலகையில் கார்களும் லாரிகளும் நெரிசலில் நிற்கும். 2006இல் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் எல்லா நிலைகளையும் கணினியில் அலசி, ஒரு கட்டம் நகர்வதை ஓர் அடியாக எண்ணினால் மிகக் கடினமான தொடக்கத்துக்கு 93 அடி தேவை என்று காட்டினார்கள். ஆக, பேருந்துப் பயணியின் சந்தேகத்துக்குப் பதில் இதுதான்: செய்தவர் ஒவ்வொரு கட்டத்தையும் தானே போட்டுப் பார்த்திருக்க வேண்டியதில்லை. விதியை ஒருமுறை நிரலாக எழுதியிருப்பார். நிரல் போட்டுப் பார்த்திருக்கும்.

இந்த அறிவையெல்லாம் வைத்துக்கொண்டு நம் ஊர் விளையாட்டு ஒன்றைப் பார்க்கலாம். கொங்கு நாட்டுத் திண்ணைகளிலும் கோயில் மண்டபத் தளங்களிலும் ஆடு புலி ஆட்டக் கோடுகளைப் பார்க்காதவர்கள் குறைவு. உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து நான்கு கோடுகள் விரிந்து கீழே இறங்கி அடிக்கோட்டில் முடியும். நடுவில் மூன்று குறுக்குக் கோடுகள். அவை இருபுறமும் கொஞ்சம் வெளியே நீண்டு, ஓரங்களில் நெட்டுக்கோட்டால் சேர்ந்து ஒரு செவ்வகம் ஆகும். உச்சி ஒன்று, குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் ஆறு, அடிக்கோட்டில் நான்கு. மொத்தம் 23 புள்ளிகள். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, எல்லாம் வைத்த பிறகே நகர்த்துவார்கள். புலி பக்கத்தில் உள்ள ஆட்டை நேர்கோட்டில் தாண்டி அடுத்த காலிப் புள்ளியில் இறங்கினால் அந்த ஆடு வெட்டு. மூன்று புலிகளையும் அசைய முடியாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. ஊருக்கு ஊர் விதி சிறிது மாறும்.

இதை ஒரு புதிர் வடிவமைப்பாளரின் கண்ணோடு பார்த்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வேலை இருப்பது தெரியும். புலி நேர்கோட்டில்தான் தாண்டும். ஆகவே ஒரு புள்ளியின் வழியாக எந்தக் கோடும் நேராக ஊடுருவிப் போகவில்லை என்றால், அங்கே நிற்கும் ஆட்டை வெட்டவே முடியாது. உச்சியில் நான்கு கோடுகளும் முடிந்துவிடுகின்றன. செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் அப்படியே. அடிக்கோட்டின் இரண்டு முனைகளிலும் அப்படியே. ஆக 23 புள்ளிகளில் 7 புள்ளிகள் ஆட்டுக்கு முழுப் பாதுகாப்பு. “அதை எடுத்து நடுவுல வெச்சீங்கன்னா வெட்டிப்போடுமுங்க மாமா, மூலையில வைங்க” என்று பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்பவர்கள் அனுபவத்தில் கண்டது இதைத்தான்.

அடைப்பதற்கும் கணக்கு உண்டு. செவ்வகத்தின் மூலையில் நிற்கும் புலிக்கு இரண்டே வழிகள். ஒவ்வொரு வழியிலும் பக்கத்தில் ஓர் ஆடு, தாண்டி இறங்க இடமில்லாமல் அதற்குப் பின்னால் இன்னோர் ஆடு. நான்கு ஆடுகளில் அந்தப் புலி அடைபட்டுவிடும். உச்சியில் நிற்கும் புலிக்கு நான்கு வழிகள், எட்டு ஆடுகள் வேண்டும். இப்போது ஒரு புலி உச்சியிலும், மற்ற இரண்டும் செவ்வகத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு, நான்கு, நான்கு என்று பதினாறு ஆடுகள் தேவை. எந்த ஆடும் இரண்டு புலிக்குப் பொதுவாக நிற்க வாய்ப்பில்லை, வரைந்து பார்த்தால் புள்ளிகள் எல்லாம் வேறு வேறாக இருக்கும். கையில் இருப்பதோ பதினைந்து. ஓர் ஆடு வெட்டுப்படாவிட்டாலும் இந்த நிலையில் மூன்று புலிகளையும் சேர்த்து அடைக்கவே முடியாது!

அதே இரண்டு புலிகளும் கீழ் மூலையை விட்டுச் செவ்வகத்தின் மேல் மூலைகளுக்குப் போனால் கதை மாறிவிடுகிறது. உச்சிப் புலியை அடைக்க முதல் குறுக்குக் கோட்டில் நிற்கும் நான்கு ஆடுகளே மூலைப் புலிகளின் ஒரு பக்கத்தையும் அடைத்துவிடும். பன்னிரண்டு ஆடுகள் போதும். புலிகள் தங்களுக்குள்ளேயே வழியை மறித்துக்கொண்டால் இன்னும் குறையும்: மூன்றும் இடது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால், ஒவ்வொன்றுக்கும் எதிரே குறுக்குக் கோட்டில் இரண்டிரண்டு ஆடுகளாக ஆறே ஆடுகளில் ஆட்டம் முடிந்துவிடும். பதினைந்து என்ற எண்ணை வைத்த பழைய மனிதர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் பதினாறு வைத்திருந்தால் புலிக்கு மிக வசதியான அந்த மறைவிடம் இல்லாமல் போயிருக்கும். ஓர் ஆட்டில் ஆட்டமே திசை மாறுவதைக் கண்முன் கணக்காகப் பார்க்கும்போது எனக்கு அந்த முகமறியாத கலைஞர்கள்மேல் பெரிய மரியாதை வருகிறது. எழுதி வைக்காமல், விளையாடி விளையாடியே இந்த எண்ணில் வந்து நின்றிருக்கிறார்கள்.

இந்த ஆட்டத்தின் நிலைவெளி எவ்வளவு பெரிது? 23 புள்ளிகளில் மூன்று புலிகளை 1,771 விதமாக வைக்கலாம். மீதி இருபதில் பதினைந்து ஆடுகளை 15,504 விதமாக. பெருக்கினால் 2,74,57,584. ஐந்து ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி என்று விதி வைத்தால், பலகையில் 11 முதல் 15 ஆடுகள் வரை இருக்கும் நிலைகள் எல்லாம் சேர்ந்து சுமார் 75 கோடி. யார் நகர்த்தும் முறை என்பதையும் சேர்த்தால் இரட்டிப்பாகும். ஆனால் பலகை இடம் வலமாக ஒரே மாதிரி இருப்பதால் மறுபடி ஏறக்குறையப் பாதியாகும். ஒவ்வொரு நிலைக்கும் வெற்றி, தோல்வி, சமன் என்று குறித்து வைக்க இரண்டு பிட் போதும். 75 கோடிக்கும் சேர்த்து 200 எம்பிக்குள் அடங்கிவிடும். சட்டைப்பையில் இருக்கும் போனில் திருமண வீடியோவுக்கு ஒதுக்கும் இடத்தைவிடக் குறைவு.

நேபாளத்தில் இதற்கு ஒரு சகோதர விளையாட்டு உண்டு, பாக்சால் என்று பெயர். ஐந்துக்கு ஐந்து பலகை, நான்கு புலி, இருபது ஆடு. சிங்கப்பூரின் லிம் யூ ஜின்னும் சுவிட்சர்லாந்தின் யுர்க் நீவர்கெல்ட்டும் 2000களில் அதைக் கணினியில் முழுவதுமாக அலசினார்கள். ஆடுகளை எல்லாம் வைத்து முடித்த பிறகு வரும் நிலைகள் எட்டே முக்கால் கோடிக்கு மேல். அவற்றைப் பின்னோக்கிப் பாய்ச்சி ஓர் அட்டவணை செய்தார்கள். ஆடு வைக்கும் கட்டத்தைத் தொடக்கத்திலிருந்து முன்னோக்கித் தேடி அந்த அட்டவணையோடு இணைத்தார்கள். இருவரும் ஒரு தவறும் செய்யாமல் ஆடினால் ஆட்டம் சமன் என்பது அவர்கள் கண்ட முடிவு. எதிரெதிராக இருவர் ஆடும் விளையாட்டில் தண்ணீரைச் சும்மா பாய்ச்சிவிட முடியாது: என் முறையில் எனக்கு நல்லது ஒன்று இருந்தால் போதும், எதிராளியின் முறையில் அவருக்கு இருக்கும் எல்லா வழியும் எனக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்று மாறி மாறிப் பார்த்துப் பின்னால் நடக்க வேண்டும்.

இப்போது இதிலிருந்து ஓர் ஆளுக்கான புதிர் ஒன்றைச் செய்வோம். மூன்று புலிகளும் இடது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. முதல் குறுக்குக் கோட்டில் புலியை ஒட்டி இரண்டு ஆடுகள். இரண்டாவதிலும் இரண்டு. மூன்றாவதில் புலியை ஒட்டி ஒன்று மட்டும். அதற்குப் பின்னால் உள்ள புள்ளி காலி. அந்தக் காலிப் புள்ளிக்கு நேர் கீழே, அடிக்கோட்டில், இன்னோர் ஆடு. ஆட்டுக்காரர் முறை. ஒரே நகர்வில் மூன்று புலிகளையும் அடைக்க வேண்டும்.

ஆட்டுக்காரருக்கு இங்கே விதிப்படி பத்து நகர்வுகள் இருக்கின்றன. காலிப் புள்ளியில் ஆறாவது ஆடு நிற்க வேண்டும் என்பது யாருக்கும் சட்டெனத் தெரியும். அங்கே போகக்கூடிய ஆடுகள் மூன்று. மேலே இருந்து ஒன்று இறங்கலாம். இறங்கினால் நடுப்புலி தாண்டுவதற்கு இடம் திறந்துவிடும். புலியை ஒட்டி நிற்பது ஒரு புள்ளி பின்வாங்கலாம். வாங்கினால் கீழ்ப்புலி ஓரத்தை விட்டு வெளியே வந்துவிடும். அடிக்கோட்டு ஆடு மேலே ஏறினால் மட்டுமே மூன்றும் அடைபடும். பத்தில் ஒன்றே சரி. சிறிய புதிர்தான், ஆனாலும் இது புதிர். போக வேண்டிய இடம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, யார் போக வேண்டும் என்பதில் சிக்கல் இருக்கிறது.

இதே நிலையில் அடிக்கோட்டு ஆட்டை மட்டும் நகரவிட்டு, மற்ற ஆடுகள் நகர முடியாதபடி செய்துவிட்டால் அப்போதும் விடை ஒன்றுதான், நகர்வு ஒன்றுதான். கணினியின் கண்ணுக்கு இரண்டு புதிர்களும் ஒரே தூரம். விளையாடுபவருக்கோ இரண்டாவதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

இந்த வேறுபாட்டை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. எத்வார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் 1883இல் வெளியிட்ட ஹனோய் கோபுரம் என்ற புதிர் பலருக்கும் தெரிந்திருக்கும். காசிக் கோயிலில் பூசாரிகள் தங்கத் தட்டுகளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்ற கற்பனைக் கதையோடு அதை விற்றார்கள். மூன்று தட்டுகள் என்றால் மொத்தம் 27 நிலைகள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கெனத் கொட்டோவ்ஸ்கி, ஜான் ஹேய்ஸ், நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் ஆகிய மூவரும் இதே 27 நிலைகளை வேறு வேறு வேடத்தில் மக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் மூன்று பூதங்கள் தங்கள் கையில் உள்ள உருண்டைகளைக் கைமாற்ற வேண்டும். இன்னொன்றில் உருண்டை கைமாறாது, அதன் அளவைப் பெருக்கிச் சுருக்க வேண்டும். உள்ளே நிலைவெளி அச்சு அசலாக ஒன்றே. ஆனால் அளவை மாற்றும் கதையை முடிக்க, கைமாற்றும் கதையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆனது. 1985இல் வெளியான கட்டுரைப்படி, மிக எளிய வேடத்துக்கும் மிகக் கடின வேடத்துக்கும் இடையே பதினாறு மடங்கு வரை வித்தியாசம். விதிகளை மனதில் நிறுத்துவதே சுமையாகிவிட்டால், அடுத்த நகர்வைத் திட்டமிட மனதில் இடம் மிஞ்சுவதில்லை என்பது அவர்கள் கண்ட காரணம்.

சோகோபான் என்ற ஜப்பானியப் புதிரும் இதற்குச் சாட்சி. 1982இல் வெளியானது. கிடங்கில் ஒரு வேலையாள் பெட்டிகளைத் தள்ளிக் குறித்த இடங்களில் சேர்க்க வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. மூலையில் தள்ளிவிட்ட பெட்டி அங்கேயே கிடக்கும். செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழகத்தில் பெத்ர் யருஷெக், ராதெக் பெலானெக் இருவரும் இதை விளையாடியவர்களுக்கு ஆன நேரத்தை ஒப்பிட்டார்கள். விடை எத்தனை நகர்வு நீளம் என்பதை வைத்து எந்தப் புதிர் கடினம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு பெட்டியின் வேலையை மற்றதிலிருந்து பிரித்துத் தனித்தனியாக முடிக்க முடிகிறதா என்பதே அதிகம் தீர்மானித்தது. பிரிக்க முடியாமல் பின்னிக் கிடந்தால் குறுகிய புதிரும் நெடுநேரம் இழுக்கும்.

ஆகவே நிலைவெளியின் வரைபடம் பாதி வேலைதான் செய்கிறது. மீதிக்கு மனிதர்கள் விளையாடுவதைப் பார்க்க வேண்டும். தனியாகப் புதிர் செய்பவர்களுக்கு இதற்குப் பெரிய செலவு கிடையாது. ஸ்டீஃபன் லாவெல் 2013இல் வெளியிட்ட ‘பஸில்ஸ்கிரிப்ட்’ என்ற இலவசக் கருவி உலாவியிலேயே ஓடும். சோகோபானின் தள்ளும் விதியை அதில் ஒரே வரியில் எழுதிவிடலாம். கொஞ்சம் பெரிதாகச் செய்ய ‘கோடோ’ இருக்கிறது, அதுவும் இலவசம். பிளே ஸ்டோரில் கணக்குத் திறக்க ஒருமுறை 25 டாலர். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ போய் உட்கார வேண்டிய அவசியமில்லை, தாராபுரத்திலேயே செய்யலாம். செலவெல்லாம் நேரத்தில்தான். ‘திரீஸ்’ என்ற சிறிய எண் புதிரை ஆஷர் வோல்மரும் கிரெக் வோல்வெண்டும் ஓராண்டுக்கு மேல் இழைத்து 2014 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். அடுத்த மாதமே இத்தாலியைச் சேர்ந்த 19 வயது கேப்ரியேல் சிருல்லி ஒரு வார இறுதியில் செய்த ‘2048’ உலகம் முழுக்கப் பரவியது. திரீஸில் ஒருமுறை தள்ளினால் எண்கள் ஒரு கட்டம் மட்டும் நகரும், 2048இல் சுவர் வரைக்கும் ஓடும். இந்த ஒரு விதியால் முன்னதில் ஒவ்வொரு தள்ளலையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. பின்னதில் பெரிய எண்ணை ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கும் உத்தி வெகுதூரம் கொண்டுபோகிறது. புகழை வைத்துப் பார்த்தால் 2048 ஜெயித்தது. நெடுநாள் விளையாட எனக்குத் திரீஸ்தான் ஆழமாகத் தெரிகிறது.

விளையாடிப் பார்க்கச் சொல்லும்போது செய்தவர் வாய் திறக்கக் கூடாது. இது கடினமான ஒழுக்கம். பக்கத்து வீட்டுப் பாட்டி போனை வாங்கிக் கட்டையைத் தப்பான பக்கம் தள்ளும்போது, “அது இல்லைங்க அம்மணி, இந்தப் பக்கம்” என்று நாக்கு நுனிவரை வரும். அடக்கிக்கொண்டு விரலைப் பார்க்க வேண்டும். விரல் முதலில் எந்தக் காயை நோக்கிப் போகிறது, எங்கே போய்த் தயங்கி நின்று திரும்புகிறது, எதை இரண்டாவது முறையும் தள்ளிப் பார்க்கிறது. முடித்தவுடன் முகத்தில் ‘அட!’ என்று வந்தால் அந்தப் புதிர் நிற்கும். ‘சரி, முடிஞ்சுதா’ என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் விடை எத்தனை நகர்வு நீளமாக இருந்தாலும் அதை எடுத்துவிட வேண்டியதுதான்.

பார்த்ததை மறுபடி நிரலுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்பது இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி எனக்கு. நம் ஆடு புலிப் புதிரையே எடுத்துக்கொள்ளுங்கள். விளையாடுபவர்களின் விரல் முதலில் மேலே நிற்கும் ஆட்டைத் தொட்டு இறக்கப் பார்க்கிறது என்று கண்டால், அந்தத் தூண்டலை ஒரு நிபந்தனையாக எழுதிவிட முடியும்: அடைக்க வேண்டிய காலிப் புள்ளி ஒன்றே ஒன்று இருக்க வேண்டும், அங்கே போகக்கூடிய ஆடுகள் இரண்டுக்கு மேல் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று மட்டும் சரியாக இருக்க வேண்டும், தவறான ஆடுகளில் ஒன்றாவது போனால் அடுத்த நகர்விலேயே புலி வெட்ட முடிய வேண்டும். பதினைந்து ஆடுகளும் பலகையில் இருக்கும் சுமார் இரண்டே முக்கால் கோடி நிலைகளிலும் நிரல் இந்த நிபந்தனையோடு நடந்து, பொருந்துபவற்றை மட்டும் பட்டியல் போட்டுக் கொடுக்கும். அந்தப் பட்டியலை நம்பி அப்படியே வெளியிட்டுவிட முடியாது. எல்லாம் ஒரே சாயலில் இருக்கும். அதிலிருந்து பத்துப் பதினைந்தைப் பொறுக்கி, புலி இடது ஓரத்தில் நிற்பதைத் தொடர்ந்து வலது ஓரத்தில் நிற்பது வராமல் பார்த்து, முதல் புதிரில் மூலை ஆடு பத்திரம் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும்படியும், மூன்றாவதில் ஓர் ஆடு இரண்டு புலியை மறிப்பதைக் கண்டுகொள்ளும்படியும் அடுக்கி, மறுபடியும் யாரிடமாவது போனைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார வேண்டும்.